வண்டிக்கு வரம்பு கட்டலாமா? பாலத்துக் காசிலிருந்து சிங்கப்பூர் ஏலம் வரை

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் நடந்த வாக்குவாதத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். வண்ணார்பேட்டையில் வண்டிகள் அசையாமல் நின்ற படத்தை ஒருவர் போட்டார். உடனே சிங்கப்பூரில் இருக்கும் நம் கடையநல்லூர் மாணவர், "இங்கே மாதிரி கார் வாங்கவே ஏலம் வைக்கணும், கோட்டா போட்டாத்தான் அடங்கும்" என்று எழுதினார். பாளையங்கோட்டையில் வாடகைக் கார் ஓட்டும் மாணவர் விடவில்லை. "நீ வெள்ளியில சம்பாதிச்சு ஏலத்துல எடுத்துருவ மக்கா. நாங்க எங்கலே போவோம்?" என்று கேட்டார். அதன் பிறகு ஆளுக்கு ஒரு கட்சி. இரவு பதினொரு மணி வரை ஓடிவிட்டு, கடைசியில் "சார் என்ன சொல்லுதீய?" என்று என் தலையில் வந்து விழுந்தது.

நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் பெற்று, கரும்பலகைக்கு முன்னால் காலம் தள்ளியவன். ஆனால் நீங்கள் கேட்பது இன்று முளைத்த கேள்வி இல்லை. சாலை ஒன்று, அதில் போக விரும்புகிறவர்கள் பலர் என்றால் என்ன செய்வது? இதற்கு மனிதர்கள் மூன்று வழி கண்டிருக்கிறார்கள். சாலையில் போகிறவரிடம் காசு வாங்கலாம். வண்டி வைத்திருப்பவரிடம் வரி வாங்கலாம். வண்டிகள் இத்தனைதான் என்று எண்ணிக்கைக்கே வரம்பு கட்டலாம். மூன்றையும் நம் பக்கத்து மக்கள் பார்த்தாகிவிட்டது. மறந்துவிட்டோம், அவ்வளவுதான்.

வண்ணார்பேட்டைப் படத்திலிருந்து தொடங்கியதால் நானும் அங்கே இருக்கும் பாலத்திலிருந்தே தொடங்குகிறேன். சுலோசன முதலியார் பாலம் 1843-ல் கட்டி முடிந்தது. அதற்கு முன் பாளையங்கோட்டையிலிருந்து நெல்லைக்கு வர ஆற்றில் படகுதான். கலெக்டர் தாம்சன் காலத்தில் பாலம் கட்டத் திட்டம் போட்டார்கள். செலவு அரை லட்சம் ரூபாய் அளவில் வந்தது. மக்களிடம் வசூல் செய்யலாம் என்ற பேச்சு எழுந்தபோது, கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் செலவைத் தாமே ஏற்றார் என்பதும், அவர் மனைவி நகைகளைக் கழற்றிக் கொடுத்தார் என்பதும் இங்கே எல்லா வீட்டிலும் சொல்லும் செய்தி. பதினொரு வளைவுகள் கொண்ட அந்தப் பாலத்துக்கு லண்டன் வாட்டர்லூ பாலம் மாதிரியாக இருந்தது என்பதையும் பெருமையாகச் சொல்வோம்.

அந்தப் பெருமையில் ஒரு செய்தியை விட்டுவிடுகிறோம். லண்டன் வாட்டர்லூ பாலம் காசு கொடுத்துக் கடக்க வேண்டிய பாலம். 1817-ல் திறந்தபோது நடந்து போகிறவருக்கே ஒரு பென்னி. ஒரு கம்பெனி முதல் போட்டுக் கட்டியது, போட்ட பணத்தை எடுக்க வேண்டுமே. ஆனால் பக்கத்திலேயே காசு கேட்காத பாலங்கள் இருந்தன. ஜனங்கள் ஒரு பென்னியை மிச்சம் பிடிக்கக் கொஞ்சம் சுற்றி நடந்தார்கள். இலவசப் பாலங்களில் கூட்டம், வாட்டர்லூவில் காற்று வாங்கியது. கம்பெனி எதிர்பார்த்த வருமானம் வரவே இல்லை. கடைசியில் 1878-ல் பாலத்தைப் பொதுப்பணத்தில் வாங்கிக் கட்டணத்தை எடுத்தார்கள்.

ஒரு பென்னி என்பது எவ்வளவு சின்னக் காசு! அது கூட்டத்தை ஒரு பாலத்திலிருந்து இன்னொரு பாலத்துக்குத் தள்ளிவிட்டது. சாலைக்கு விலை வைத்தால் மனிதர் நடை மாறும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. சிங்கப்பூரைப் பற்றிப் பேசும்போது இதற்குத் திரும்ப வருகிறேன்.

நம் மாகாணத்திலும் அந்தக் காலத்தில் சாலைகளில் சுங்கச்சாவடிகள் உண்டு. ஜில்லா போர்டுகளும் நகராட்சிகளும் மாட்டுவண்டிக்கு இவ்வளவு, குதிரை வண்டிக்கு இவ்வளவு என்று வாங்கின. பிறகு மோட்டார் வந்தது. நம் திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரைப் பக்கம் பஸ் ஓட்டத் தொடங்கியது 1910களில். பத்து மைலுக்கு ஒரு சாவடியில் பஸ்ஸை நிறுத்திக் காசு எண்ணிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? 1931-ல் சென்னை மாகாணம் மோட்டார் வாகன வரிச் சட்டம் கொண்டு வந்தது. அதோடு அந்தப் பழைய சாவடிகளை எடுத்துவிட்டு, அந்த வருமானத்தை இழந்த உள்ளாட்சி அமைப்புகளுக்கு மோட்டார் வரியிலிருந்து ஈடு கொடுத்தார்கள். அதாவது சாலையில் போவதற்கான காசு, வண்டி வைத்திருப்பதற்கான வரியாக மாறியது. அது வசதியான மாற்றம்தான், ஆனால் அதில் ஒன்று தொலைந்தது. தினமும் நெரிசலில் போகிறவரும், மாதம் ஒருமுறை கோயிலுக்கு மட்டும் வண்டியை எடுக்கிறவரும் ஒரே வரியைக் கட்டுகிறார்கள்.

இன்றைக்கும் அப்படித்தான். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வாழ்நாள் வரியை உயர்த்தினார்கள். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள காருக்கு 12 விழுக்காடு, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. எட்டு லட்ச ரூபாய் காருக்கு 13 விழுக்காடு என்றால் எவ்வளவு என்று பேரப்பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். ஒரு லட்சத்து நாலாயிரம். கட்டும்போது வலிக்கும். கட்டிய மறுநாள் முதல், காலை ஒன்பது மணிக்கு ஜங்ஷனுக்குள் வண்டியை விடுவதற்கு அந்த வரி எந்தத் தடையும் சொல்லாது. (நாங்குநேரியிலும் சாலைப்புதூரிலும் சுங்கச்சாவடி திரும்பி வந்துவிட்டதே சார் என்பீர்கள். அது நான்குவழிச் சாலை போட்ட செலவுக்காக வந்தது. நெரிசலுக்காக வாங்குவதாக இருந்தால் காலையில் ஒரு கட்டணம், நடுராத்திரியில் வேறு கட்டணம் இருந்திருக்கும்.)

இனி கோட்டா. "நம் நாட்டில் கோட்டா போட்டதே இல்லை" என்று குழுவில் ஒரு தம்பி எழுதியிருந்தார். முப்பது வயதுக்காரர், அவர் பார்த்திருக்க வழியில்லை. என் வயதுக்காரர்கள் கோட்டாவிலேயே பிறந்து கோட்டாவிலேயே வளர்ந்தோம்.

சுதந்திரம் வந்த பிறகு அன்னியச் செலாவணியைக் காப்பாற்ற முழுக் கார் இறக்குமதியை நிறுத்தினார்கள். பாகங்களைக் கொண்டுவந்து பொருத்தி விற்ற ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் 1950களின் நடுவில் கடையைக் கட்டின. மிஞ்சியவை மூன்று: கல்கத்தா பக்கம் உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் அம்பாசடர், பம்பாயில் பிரீமியரின் ஃபியட், நம் வண்டலூரில் ஸ்டாண்டர்ட். எத்தனை வண்டி செய்யலாம் என்பதற்கு லைசென்ஸ். விற்கும் விதத்துக்கு 1959-ல் ஒரு கட்டுப்பாட்டு உத்தரவு. ஸ்கூட்டருக்கும் அதே கதை. அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் பணம் போட்டு, பாஸ் புத்தகத்தை அடகாக வைத்துப் பதிவு செய்ய வேண்டும். அரசு ஊழியருக்கு ஒரு ஒதுக்கீடு, இன்னின்னாருக்கு இன்னொன்று என்று வரிசைகள். 1969-ல் கார் விலையையும் அரசே நிர்ணயித்தது. கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. 1970களின் நடுவில்தான் அந்த விலைக் கட்டுப்பாடு போனது.

1970களில் நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு நாற்பதாயிரத்தை ஒட்டித்தான் கார்கள் வெளிவந்தன. இப்போது ஆண்டுக்கு நாற்பது லட்சத்துக்கு மேல் விற்கின்றன. நூறு மடங்கு!

எங்கள் சித்தப்பாவை உறவினர்களுக்கு நினைவிருக்கும். அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தார். அந்த நாளில் பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பத்து வருடம்கூட ஆகும். வீட்டில் பிள்ளைகள் வளர்ந்தோம், சைக்கிளில் மூன்றாவது டயர் மாற்றினார், ஸ்கூட்டர் வரவில்லை. ஒரு வழியாக ஒதுக்கீட்டுக் கடிதம் வந்தபோது அத்தையின் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. டவுனில் ஒரு ஜவுளி வியாபாரி கட்டுப்பாட்டு விலைக்கு மேலே கணிசமாகத் தருகிறேன் என்றார். சித்தப்பா புது ஸ்கூட்டரை ஷோரூமிலிருந்து நேரே அவர் வீட்டுக்கு ஓட்டிப் போய் விட்டுவிட்டு, பஸ்ஸில் திரும்பி வந்தார். அவர் ஸ்கூட்டர் ஓட்டியது அந்த இரண்டு மைல்தான். பதிவு மட்டும் சில வருடம் சித்தப்பா பெயரிலேயே இருந்தது. கல்யாணச் சாப்பாடு நன்றாக இருந்தது.

சித்தப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் இதில் உள்ள பாடத்தைக் கவனியுங்கள். அரசு வண்டியின் எண்ணிக்கையையும் கட்டிப்போட்டது, விலையையும் கட்டிப்போட்டது. எண்ணிக்கை கட்டுக்குள் நின்றது, விலை நிற்கவில்லை. சட்டப்படியான விலை ஒன்று, பிளாக்கில் விலை ஒன்று. இரண்டுக்கும் நடுவில் இருந்த பணம் யாருக்குப் போனது? வரிசையில் முன்னால் நின்றவருக்கு, தெரிந்த ஆள் இருந்தவருக்கு, ஒதுக்கீட்டில் பெயர் வந்தவருக்கு. அரசுக் கஜானாவுக்கு வரவில்லை. ஒரு பஸ்கூட அந்தப் பணத்தில் வாங்கவில்லை. வெளிநாட்டுப் பணம் கட்டினால் ஸ்கூட்டர் சீக்கிரம் கிடைக்கும் என்று ஒரு வழியும் வைத்திருந்தார்கள். கடையநல்லூர், மேலப்பாளையம் பக்கத்து வீடுகளில் சபுராளி அண்ணாச்சிகள் மூலமாக அப்படி வந்த வண்டிகள் சிலவற்றை நானே பார்த்திருக்கிறேன்.

சரி, நெரிசல் இல்லாமல் இருந்ததா? கார் நெரிசல் இல்லை, உண்மை. ஆனால் ஜங்ஷனில் ரயில்வே கேட் மூடினால் சைக்கிளும் மாட்டுவண்டியும் பஸ்ஸும் குதிரை வண்டியும் சேர்ந்து நின்றதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதனால்தானே 1973-ல் நம் ஈரடுக்கு மேம்பாலம் வந்தது. மேலே பெரிய வண்டிகள், கீழே சைக்கிளும் நடப்பவர்களும். கார் கிடைக்கவே கிடைக்காத காலத்தில் கட்டிய மேம்பாலம் அது என்பதை மறந்துவிடக் கூடாது.

அந்தக் கோட்டா காலம் 1983 டிசம்பர் 14-ல் ஆட்டம் கண்டது. அன்றுதான் மாருதியின் முதல் வண்டிச் சாவியை இந்திரா காந்தி அம்மையார் கொடுத்தார். விலை 47,500 ரூபாய். பதிவு செய்தவர்கள் லட்சத்துக்கும் மேல். அதற்கும் காத்திருந்தார்கள், அதையும் பிளாக்கில் விற்றார்கள். 1993-ல் கார் தொழிலுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்றான பிறகுதான் காத்திருப்பு கதையாகிப் போனது.

இப்போது சிங்கப்பூருக்குப் போவோம். அந்த ஊர் நமக்கு அன்னியம் இல்லை. கடையநல்லூர், தென்காசிக்காரர்கள் உலகப் போருக்கு முன்பே அங்கே குடியேறியவர்கள். (2019 வரை அவை நம் மாவட்டம்தான், இப்போதும் மனத்தளவில் நம் மாவட்டம்தான்.) கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946-ல் அங்கே உமறுப் புலவர் பெயரில் தமிழ்ப்பள்ளி நடத்தத் தொடங்கியது. ஆசிரியன் என்பதால் அந்தச் செய்தியைச் சொல்லாமல் தாண்ட எனக்கு மனம் வரவில்லை.

சிங்கப்பூர் முதலில் கை வைத்தது சாலைக் கட்டணத்தில். 1975 ஜூன் 2 முதல், காலை நெரிசல் நேரத்தில் நகர மையத்துக்குள் நுழையும் காருக்கு நாளொன்றுக்கு 3 வெள்ளி உரிமச் சீட்டு. உலகில் முதல்முறை. நாலு பேர் உட்கார்ந்து வந்தால் காருக்குக் காசு இல்லை, பஸ்ஸுக்கும் இல்லை. காலை நேர வண்டிகள் சுமார் 44 விழுக்காடு குறைந்தன. பஸ் நிறுத்தத்தில் நிற்கிற முன்பின் தெரியாதவர்களை ஏற்றி நாலு பேர் கணக்குக் காட்டிய கார்க்காரர்களும் உண்டாம். மனிதர் எங்கேயும் மனிதர்தான். ஆனால் மாலை நெரிசல் எதிர்பார்த்தபடி குறையவில்லை. காலையில் சுற்றிப் போனவர்கள் மாலையில் ஊருக்குள் புகுந்தார்கள், ஏனென்றால் மாலையில் காசு இல்லை. 1989-ல்தான் மாலைக்கும் கட்டணம் வந்தது. வாட்டர்லூ பாலத்து ஒரு பென்னி நினைவுக்கு வருகிறதா?

கூடவே காருக்கு வரியையும் ஏற்றிக்கொண்டே போனார்கள். 1983-ல் கூடுதல் பதிவுக் கட்டணம் காரின் மதிப்பில் 175 விழுக்காடு. அப்படியும் கார்கள் பெருகின, ஏனென்றால் மக்கள் வருமானமும் பெருகியது. வரி எவ்வளவு போட்டால் எத்தனை கார் குறையும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. எனவே 1990 மே 1 முதல் எண்ணிக்கையையே கட்டினார்கள். கார் வாங்குவதற்கு முன் வாகன உரிமைச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதுதான் நம் மாணவர் சொல்லும் சிஓஇ. பத்து வருடத்துக்குச் செல்லும். இத்தனை சான்றிதழ்தான் என்று அரசு அறிவிக்கும், வேண்டியவர்கள் ஏலம் கேட்பார்கள். வெற்றி பெற்றவர்கள் எல்லாரும் ஒரே தொகையையே கட்டுவார்கள். முதலில் ஆண்டுக்கு 3 விழுக்காடு வளர்ச்சிக்கு இடம் கொடுத்தார்கள். படிப்படியாகக் குறைத்து 2018 பிப்ரவரியிலிருந்து காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் வளர்ச்சி பூஜ்யம். பழைய வண்டி ஒன்று போனால்தான் புதிய வண்டி ஒன்று என்றானது.

விலை என்ன ஆனது? 2008 கடைசியில் உலகமே பொருளாதாரச் சரிவில் இருந்தபோது, சான்றிதழைவிடக் கேட்பவர் எண்ணிக்கை குறைந்துபோய், சிறிய காருக்கான சான்றிதழ் வெறும் 2 வெள்ளிக்குப் போனது. ஒரு தேநீர் விலை. 2023 அக்டோபரில் அதே சிறிய கார் சான்றிதழ் ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியது, பெரிய காருக்கு ஒன்றரை லட்சத்தைத் தொட்டது. கார் விலை தனி! நம் ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் பாளையங்கோட்டையில் ஒரு வீடு.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 2025 செப்டம்பரில் நம் நாட்டில் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டியை 28-லிருந்து 18 ஆக்கினார்கள், செஸ்ஸும் போனது. கம்பெனிகள் விலையைக் குறைத்தன. இதே வரிக் குறைப்பை சிங்கப்பூரில் செய்தால் கார் மலிவாகுமா? ஆகாது. நூறு சான்றிதழ், நூற்றைம்பது பேர் போட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் மொத்தமாக எவ்வளவு கொடுக்க முடியும் என்று மனத்தில் ஒரு தொகை வைத்திருப்பார். வரியில் பத்தாயிரம் குறைந்தால் அந்தப் பத்தாயிரத்தை ஏலத்தில் கூட்டிக் கேட்பார், ஏனென்றால் பக்கத்தில் இருப்பவரும் கூட்டிக் கேட்பார். நம் ஊர்ச் சந்தையில் ஆடு இரண்டே இருந்து, ஆடிக் கொடைக்கு வாங்க ஐந்து பேர் வந்தால் என்ன நடக்குமோ அதுதான். எண்ணிக்கையைக் கட்டியபின் விலையை முடிவு செய்வது வாங்குகிறவர் மடியில் இருக்கும் பணம். வரி செய்வது, அந்தப் பணத்தை அரசின் எந்தக் கணக்கில் எழுதுவது என்பதை மட்டும். அதனால்தான் 2013 பிப்ரவரியில் கார் கடனுக்கு அவர்கள் கடிவாளம் போட்டதும் ஏல விலை இறங்கியது. மடியில் பணம் குறைந்தது, அவ்வளவுதான்.

ஆக விலை ஏறுவது நம் கோட்டாவிலும் உண்டு, சிங்கப்பூர் கோட்டாவிலும் உண்டு. சித்தப்பாவின் கைக்குப் போன மேல்பணம் அங்கே கஜானாவுக்குப் போகிறது. இந்த ஒரு வேற்றுமைக்காகவே அந்த முறையை நான் மதிக்கிறேன். தொடக்கத்தில் சான்றிதழைக் கைமாற்ற விட்டார்கள், வாங்கிப் பதுக்கி விற்கிறார்கள் என்று புகார் வந்ததும் கார்களுக்கு அதை நிறுத்தினார்கள். இன்னொன்றும் உண்டு. எம்ஆர்டி ரயில் ஓடத் தொடங்கியது 1987 நவம்பரில், ஏலம் வந்தது 1990-ல். முதலில் ரயில், பிறகு ஏலம்.

ஆனாலும் கோட்டா மட்டும் நெரிசலைத் தீர்க்கவில்லை. ஒரு லட்சம் வெள்ளி கொடுத்துச் சான்றிதழ் வாங்கியவர் காரை வீட்டில் மூடி வைத்து அழகு பார்ப்பாரா? போட்ட காசுக்கு ஓட்டத்தான் செய்வார். அதனால்தான் 1998-ல் சீட்டு முறையை எடுத்துவிட்டு, வளைவுக்குக் கீழே போகும்போது தானாகவே காசு கழியும் மின்னியல் சாலைக் கட்டணம் வைத்தார்கள். இடத்துக்கு ஒரு விலை, நேரத்துக்கு ஒரு விலை. சாலையில் இந்த நேரம் எத்தனை வண்டி என்பதைத் தீர்ப்பது இந்தக் கட்டணம்தான். கோட்டா, ஊரில் மொத்தம் எத்தனை வண்டி என்பதை மட்டும் தீர்க்கிறது. குழுவில் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டதால்தான் பதினொரு மணி ஆனது.

மற்ற ஊர்களை வேகமாகப் பார்த்துவிடுவோம். பெய்ஜிங்கில் 2011 முதல் ஏலம் இல்லாமல் குலுக்கல் வைத்தார்கள். பணக்காரன் ஏழை பேதம் இல்லை, நல்லதுதான். ஆனால் ஆம்புலன்ஸ் மாதிரி அவசரமாகக் கார் தேவைப்பட்டவரும் பொழுதுபோக்குக்கு எழுதிப்போட்டவரும் ஒரே குடத்தில். எண் தகடு மாற்றிக்கொள்வதற்காகவே போலிக் கல்யாணம் நடந்த செய்திகளும் வந்தன. மெக்சிகோ நகரில் 1989-ல் வாரத்தில் ஒரு நாள் உன் வண்டி ஓடக் கூடாது என்றார்கள், பலர் பழைய வண்டி ஒன்றைக் கூடுதலாக வாங்கிக்கொண்டார்கள். தில்லியில் 2016 ஜனவரியில் பதினைந்து நாள் ஒற்றைப்படை இரட்டைப்படை நடத்தியபோது இருசக்கர வாகனங்களை விட்டுவிட்டார்கள். அத்தனை பேரையும் ஏற்ற பஸ் இல்லை.

நமக்குக் கூப்பிடு தூரத்தில் இலங்கை. அன்னியச் செலாவணித் தட்டுப்பாட்டால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். சொந்த உபயோகக் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் ஓட்டித் தேய்த்த காரை வாங்கிய விலையைவிட அதிகத்துக்கு விற்றார்கள். நம் 1970கள் அப்படியே. அங்கும் அந்த மேல்பணம் ஏற்கெனவே கார் வைத்திருந்தவர் பைக்குத்தான் போனது.

இப்போது வாடகைக் கார்த் தம்பியின் கேள்வி. அதைத்தான் குழுவில் யாரும் சரியாகப் பிடிக்கவில்லை. சிங்கப்பூரில் டாக்சி ஓட்டுநர்களில் பெரும்பாலோர் வண்டிக்குச் சொந்தக்காரர் இல்லை. கம்பெனி வண்டி, தினசரி வாடகை. நம் தம்பி வங்கிக் கடனில் வாங்கிய கார் அவருடையது. தவணை முடிந்தால் முழு வருமானமும் அவர் வீட்டுக்கு. கோட்டா ஏலம் வந்தால் முதல் இழப்பு அந்த வாய்ப்புத்தான். இருசக்கர வண்டிக்கும் அங்கே சான்றிதழ் வேண்டும். 2022-ல் அது பத்தாயிரம் வெள்ளியைத் தாண்டியபோது, உணவு கொண்டு போய்க் கொடுக்கும் பிள்ளைகளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். ஏலத்தில் தோற்பவர் தேவை குறைந்தவராக இருக்க வேண்டியதில்லை, பணம் குறைந்தவராக இருந்தால் போதும். தம்பி, உன் பயம் நியாயமானது.

நம் ஊருக்கு இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. சிங்கப்பூர் ஒரு தீவு. மலேசியாவிலிருந்து உள்ளே வர இரண்டே தரைவழி, அங்கேயும் வெளிநாட்டு வண்டிக்குக் கட்டணம். நெல்லையில் டிஎன் 72-க்குக் கோட்டா போட்டால் மறுநாளே மச்சினன் பெயரில் தென்காசி டிஎன் 76, மாமனார் பெயரில் நாகர்கோவில் டிஎன் 74 என்று வண்டிகள் வந்து நிற்கும். சித்தப்பா பெயரில் ஓடிய ஸ்கூட்டரை மறுபடி பார்க்கலாம். தவிரவும் நம் தெருக்களை நிறைப்பது காரைவிட இருசக்கர வண்டி. பஸ் சரியான நேரத்துக்கு வராததால் நர்ஸ் வேலைக்குப் போகும் பெண்ணும், கடையில் நிற்கும் பையனும் தவணையில் வாங்கியவை அவை. அவர்களுக்கு வரம்பு கட்டப் போகிறோமா?

என் அபிப்பிராயம், நம் ஊர் தொட வேண்டியது எண்ணிக்கையை இல்லை, இடத்தையும் நேரத்தையும். முக்கியமாக வண்டி நிறுத்தும் இடத்தை. நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி ரத வீதிகளைப் பாருங்கள். தேர் திரும்ப வேண்டும் என்று அகலமாக விட்ட தெரு. ஆனித் தேரோட்டத்துக்கு மட்டும் நமக்கு அந்த அகலம் முழுசாகத் தெரிகிறது. மற்ற நாளெல்லாம் இரண்டு பக்கமும் கார் நிற்கிறது, நாள் முழுக்க, காசில்லாமல். ஒரு கார் நிற்கும் இடத்தில் தள்ளுவண்டிக்காரர் கடை போட்டால் விரட்டுகிறோம். காருக்கு மணிக்கு இவ்வளவு என்று வாங்கி, அந்தப் பணத்தை டவுன் பஸ்ஸுக்கு என்று தனியாக ஒதுக்கிக் கணக்குக் காட்டினால், தினமும் காரை அங்கே போட்டு வைக்கிறவர் யோசிப்பார். வந்து சாமி கும்பிட்டுவிட்டுப் போகிறவருக்கு அது பூ வாங்கும் காசுதான். வாடகைக் கார்க்காரரும் ஏற்றி இறக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பவர், அவருக்குச் சுமை குறைவு.

பஸ் விஷயத்தில் நமக்கு அடித்தளம் இருக்கிறது. 1974-ல் கட்டபொம்மன் பெயரில் போக்குவரத்துக் கழகம் வந்த காலத்திலிருந்து ஆற்றங்கரைக் கிராமங்களுக்கெல்லாம் பஸ் போயிருக்கிறது. 2021 மே முதல் பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணமில்லை. கட்டணம் போய்விட்டது, இனி கேட்க வேண்டியது நேரம். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் நிச்சயம் என்று ஒரே ஒரு தடத்தில், டவுனிலிருந்து ஜங்ஷன், வண்ணார்பேட்டை வழியாகப் பாளைக்கு, ஆறு மாதம் நடத்திக் காட்டினால் போதும். அதற்குப் பிறகு கட்டணம் பற்றிப் பேச நமக்கு வாய் இருக்கும். அதற்கு முன்னால் வண்டியைக் குறை என்று சொன்னால், சைக்கிளையும் விற்றுவிட்டு வரிசையில் நில் என்று சொல்வது போல.

சிங்கப்பூர்த் தம்பிக்கு ஒரு வேலை. உங்கள் பக்கத்தில் 1975-ல் அந்த 3 வெள்ளிச் சீட்டு வாங்கி ஒட்டிய பெரியவர்கள், நம் ஊர்க்காரர்கள், இன்னும் இருப்பார்கள். முதல் நாள் எப்படி இருந்தது என்று கேட்டுக் குரல்பதிவாக அனுப்புங்கள். இங்கே இருப்பவர்கள் யார் வீட்டிலாவது பழைய ஸ்கூட்டர் ஒதுக்கீட்டுக் கடிதமோ, அடகு வைத்த அஞ்சலகப் பாஸ் புத்தகமோ கிடந்தால் படம் எடுத்துப் போடுங்கள். சித்தப்பா வீட்டில் தேடச் சொல்லியிருக்கிறேன். பரணில் ஏற ஆள் வேண்டுமாம்.